ரோமாபுரிப் பெரியவருக்குக் கண் திறந்த கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிச் சொல்லியே வாழ்க்கையில் முன்னுக்கு வந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி எழும்பூரில் இறங்கியவனிடம் வேறு என்ன முதல் இருந்திருக்கும்? கண்ணாடி அறுக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். (தெரியாது. என் இடதுகைப் பெருவிரலைப் பார்த்தால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.) சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்றார்கள். தெரியும் என்றேன். முதலாளியின் சைக்கிளோடு லஸ் முனையில் ஒரு பூக்கடைக்குள் நுழைந்து, மறுபக்கம் மாலையும் கழுத்துமாக வெளியே வந்தேன். ஆனால் எழுந்து நின்றபோது சைக்கிள் ஓட்டத் தெரிந்திருந்தது. அதுதான் என் பாடத்திட்டம்.

இன்றைக்கு மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்கு நாலு சந்து தள்ளி "பலவேசம் பட மாளிகை எங்கே" என்று யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள். இந்த வட்டாரத்தில் பாதி பூஜையறைகளில் தொங்குவது நான் அடித்த சட்டம். தி. நகரில் நகைக்கடை, பாத்திரக்கடை எதற்குள் வேண்டுமானாலும் போய், கல்லாவுக்கு மேலே இருக்கும் லட்சுமி படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் என் ஸ்டிக்கர் இருக்கும். (திருப்ப விடமாட்டார்கள். என் பேச்சை நம்புங்கள்.)

இவ்வளவு பெரிய மனிதன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அடையாறில் ஒரு வீட்டின் கூடத்தில், தொப்பென்று தரையில் உட்கார்ந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போதும் அந்த வீட்டுப் பக்கம் பஸ்ஸில் போனால் உட்கார்ந்திருந்தாலும் கொஞ்சம் குனிந்துகொள்வேன்.

எஸ்தர் மேடம் கடைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. எழுபது வயது இருக்கும். ஓவியக் கல்லூரியில் படம் அச்சடிக்கும் கலையைச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பெரிய அட்டை உறை ஒன்றை, ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். உள்ளே ஆறு படங்கள்.

"மெஸ்ஸோடின்ட் பிரின்ட்ஸ். ரோமன் மார்பிள் பஸ்ட். பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"நிறையப் பண்ணிருக்கோம் மேடம்" என்றேன். அந்த வார்த்தை என் காதில் விழுவது அதுதான் முதல் தடவை.

பளிங்குச் சிலைகளைப் பார்த்து எடுத்த பழைய அச்சுப் படங்கள் என்று அவரே சொன்னதால் பிழைத்தேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் எப்படி ஒரு கறுப்பு இருக்குமோ, அப்படி ஒரு கறுப்பு. அதற்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தலை எழும்பி வருகிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தலை. கழுத்து வரைதான். ஒருவர் வழுக்கைப் பெரியவர், கன்னத்தில் சுருக்கம் சுருக்கமாக. ஒருவருக்குக் கழுத்தே தலையைவிடப் பெரிது. ஒரு அம்மாள் இட்லித் தட்டை அடுக்கியதுபோலத் தலை வாரியிருந்தார். இரண்டு தாடிக்காரர்கள், ஒரு வாலிபன். ஆறு பேருக்கும் ஒரே குறை. கண் இருந்தது, கருவிழி இல்லை. உரித்த முட்டைபோல வெறுமை.

மேடம் கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்க முடிவு செய்திருந்தார். வீட்டைக் காலி செய்வதற்கு முன், சனிக்கிழமை அவருடைய பழைய மாணவர்கள் எல்லாரும் அவர் வேலை பார்த்த கல்லூரியில் கூடுகிறார்கள். அன்றைக்கு இந்த ஆறு படங்களையும் கல்லூரிக்கே கொடுத்துவிடப் போகிறார். வழக்கமாக அவருக்குச் சட்டம் போடுபவர் கடையை மூடிவிட்டதால் என்னிடம் வந்திருக்கிறார்.

"படத்துல எதையும் தொடாதீங்க. சட்டம், அட்டை, கண்ணாடி, அவ்வளவுதான். பேப்பர் மேல கண்ணாடி படவே கூடாது. ஏன்னா..."

"எனக்குத் தெரியும் மேடம்" என்றேன்.

அவர் அந்த "ஏன்னா"வை அப்படியே விழுங்கிக்கொண்டு போய்விட்டார். மரியாதை தெரிந்தவர்களோடு இதுதான் தொல்லை. நாம் வாயை அடைத்தால் அடைபட்டுப் போவார்கள்.

இப்போது எங்கள் கடை வழக்கம் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். எங்களிடம் வருவதில் பாதி சாமி படம், மீதி காலமான பெரியவர்களின் படம். புரட்டாசி மாதம் மஹாளய பட்சத்துக்கு முன்னால் வந்து பாருங்கள், கடை முழுக்க தாத்தாக்களாக நிற்பார்கள். பழைய போட்டோவில் முதலில் மங்கிப்போவது கண்தான். கண் மங்கிய முகத்தை எங்கள் கடையிலிருந்து வெளியே அனுப்பமாட்டோம். கண் இல்லாத முகத்தை வீட்டுச் சுவரில் மாட்டினால் அந்த வீட்டுக்கு ஆகாது. அதனால் ரீடச் ஆர்ட்டிஸ்டை வைத்துக் கருவிழியை எழுதி, ஒரு கற்பூரம் காட்டி, அப்புறம்தான் கண்ணாடி மாட்டுவோம். முப்பது வருஷமாக ஒரு தாத்தா என் கடையைவிட்டுக் குருடாகப் போனதில்லை.

அன்று சாயங்காலம் ஆறு படத்தையும் மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் வந்தபோது கல்லாவில் இருந்த என் மனைவி சரோஜா டீ கொண்டுவந்தாள். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். எனக்குத் தெரியாதது எது எது என்பது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

"இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"ஆறு பேருக்கும் கண்ணு போயிருச்சு சரோஜா. வெயில்ல வெளுத்திருக்கு."

"ஆறு பேருக்கும் ஒண்ணாவா? அந்த ஊர்ல அப்டித்தான் போடுவாங்களோ இன்னமோ."

"மயிரு சுருளைப் பாரு. ஒவ்வொரு சுருளா பண்ணிருக்கான். இம்புட்டு பண்ணவன் கண்ணை மறப்பானா?"

"அது கல்லு சிலைன்னு சொல்லிச்சே அந்தம்மா. கல்லுல ஏது கண்ணு?"

இங்கேதான் என் மூளை சுறுசுறுப்பாக வேலை செய்தது. "கல்லுச் சிலைன்னா இன்னும் மோசம்டி. கோயில்ல ஸ்தபதி கடைசியா கண்ணைத் திறந்தாத்தான் அது சாமி. அதுவரைக்கும் வெறுங்கல்லு. இவங்க கண்ணைத் திறக்காமலே தூக்கிட்டு வந்திருக்காங்க."

"தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போச்சு. ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

சரோஜா டீ டம்ளரை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சத்தத்தைக் கேட்டாவது நான் திருந்தியிருக்கலாம்.

மறுநாள் காலை கோதண்டம் வந்தான். கோடம்பாக்கத்தில் சினிமா பேனர் வரைந்தவன். ஒரு காலத்தில் எங்கள் கடை ஷட்டர் அளவுக்கு ஒற்றைக் கண் எழுதிய கை. என்னைவிட நாலு வயது இளையவன், அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே நீ வா போ என்று பேசுவான். விஷயத்தைச் சொன்னேன். படங்களைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். ஆனாலும் நான் சொன்னதற்காக வழுக்கைப் பெரியவரை எடுத்துவைத்துக்கொண்டான். நான் கற்பூரம் ஏற்றினேன், எலுமிச்சம்பழம் அறுத்தேன். (ரோமாபுரியில் பிறந்து, இங்கிலாந்தில் அச்சாகி, மயிலாப்பூரில் கற்பூரம் வாங்கிக்கொண்ட ஆள் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.) பிறகு மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, விரிசல் விட்ட கண்ணாடியாக அனுப்பிய கண்ணாடிக்காரனோடு போனில் சண்டையை ஆரம்பித்தேன். கோதண்டம் என்னை ஒரு பார்வை, படத்தை ஒரு பார்வை பார்த்தபடி இரண்டு கண்ணையும் வைத்து முடித்தான். முடித்தவன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணே, ஒரு விஷயம்."

"தெரியும்யா. கண்ணு கொஞ்சம் பெருசாயிருச்சு. பரவால்ல."

"அது இல்லண்ணே. இந்தக் கறுப்பு கீதே..."

"மங்கிருக்கு. தெரியும்."

"நான் இன்னா சொல்ல வரேன்னா..."

"கோதண்டம், வெள்ளிக்கிழமை டெலிவரி. நீ சொல்ல வர்றத சனிக்கிழமை கேக்குறேன்."

அவன் மீதி ஐந்தையும் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டான். இரண்டு நாளில் ஆறும் தயார். படத்தைச் சுற்றி ஜன்னல்போல வைக்கும் அட்டை நான் வெட்டியது. (அட்டை வெட்டுவதில் மட்டும் நான் பொய் சொல்லவேண்டிய அவசியமே வந்ததில்லை. மூலையில் தலைமுடி நுழைகிற இடைவெளி இருக்காது.) கண்ணாடி மாட்டிப் பின்னால் ஆணி அடிப்பதைக்கூட இந்தத் தடவை கோதண்டமே செய்துவிட்டான். என்ன அக்கறை என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறையும் பழைய வேட்டியில் சுற்றி ஆட்டோவில் வைத்து அடையாறு போனேன். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள், பாதி கட்டியும் கட்டாமலும். மேடம் ஆவலாகக் கையை நீட்டினார். சும்மா கொடுத்தால் நான் பலவேசமா?

"மேடம், கண்ணை மூடிக்குங்க" என்றேன்.

பாவம், சிரித்துக்கொண்டே மூடிக்கொண்டார். ஆறு படத்தையும் சோபாவில் வரிசையாகச் சாய்த்து, தூசி துடைத்து, இரண்டடி பின்னால் வந்து நின்றேன்.

"இப்பப் பாருங்க!"

கோதண்டம் சினிமாக்காரன் என்று சொன்னேன் அல்லவா? அவனுக்குச் சும்மா பார்க்கிற கண் எழுத வராது. கழுத்துப் பெருத்தவர் சிவப்பு நரம்போடிய விழியால் ஓரமாக முறைத்துக்கொண்டிருந்தார், யாரையோ கடத்திவரச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதுபோல. இட்லித் தட்டு அம்மாளுக்குக் காது வரைக்கும் மை. கதாநாயகன் இப்போதுதான் வாசலில் வந்து நிற்கிறான் என்று அந்தப் பார்வை சொன்னது. வாலிபன் வானத்தைப் பார்த்துச் சபதம் செய்துகொண்டிருந்தான். தாடிக்காரர்களில் ஒருவருக்குப் பாசம், இன்னொருவருக்குத் துரோகம். வழுக்கைப் பெரியவர் மட்டும் நேராக, விடாமல், எதிரில் இருப்பவரைப் பார்த்தார்.

மேடம் கண்ணைத் திறந்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன். (மனிதன் எந்த அளவுக்கு மடையனாக இருக்கலாம் என்று யாராவது அளந்து பார்க்க விரும்பினால் என்னை அணுகலாம்.)

"யார் கண்ணு வச்சது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கை நம்ம கோதண்டத்தோடது மேடம். ஐடியா என்னுது."

மேடம் பக்கத்திலிருந்த ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தார். பெட்டி கொஞ்சம் அமுங்கியது. திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். திட்டு வாங்கியே வளர்ந்த உடம்பு. அவர் சொன்னார்:

"பலவேசம் சார், இந்தக் கறுப்பு எப்படி வருது தெரியுமா?"

வாழ்க்கையில் முதல்தடவையாக "தெரியாது" என்று சொன்னேன்.

"ஒரு செப்புத் தகடு. அதுமேல பல்லு வச்ச உளியை ஆட்டிக்கிட்டே போகணும், தொட்டில் ஆட்ற மாதிரி. குறுக்கே நெடுக்கே, வாரக்கணக்கா. தகடு முழுக்கச் சொரசொரன்னு ஆயிடும். அப்படியே மை பூசி அச்செடுத்தா ஒரே இருட்டுதான் வரும். அதுக்கப்புறம் எங்க வெளிச்சம் வேணுமோ அங்க மட்டும் சுரண்டிச் சுரண்டி வழவழன்னு ஆக்கணும். இருட்டுக்குள்ளேருந்து ஒரு மொகத்தை வெளியில எடுக்கிற வேலை சார் இது. ஒரு எடத்துல கூடுதலா சுரண்டிட்டா திரும்ப இருட்டு வராது. எங்க நிறுத்தணும்னு தெரியணும். அந்தக் கண்ணை அவன் மறக்கல. அங்க நிறுத்தியிருக்கான்."

நான் படங்களைப் பார்த்தேன். துரோகத் தாடிக்காரர் என்னைப் பார்த்தார்.

"லண்டன்ல படிக்கும்போது மத்தியானம் சாப்பிடாம இருந்து இருந்து, மாசத்துக்கு ஒண்ணா வாங்கினேன். முப்பது வருஷம் என் பசங்களுக்கு இதைக் காட்டித்தான் சொல்லிக்கொடுத்தேன். நாளைக்கு அவங்க கையில கொடுத்துட்டுப் போகலாம்னு இருந்தேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மேடம், நான் புதுசா வாங்கிக் குடுத்துர்றேன். எங்க கிடைக்கும்? பாரிமுனையில கிடைக்குமா?"

"கிடைக்காது சார்."

கோபமே இல்லாமல் சொன்னார். உடைந்த கண்ணாடிக்கு வேறு கண்ணாடி, கோணல் சட்டத்துக்கு வேறு சட்டம் என்று எதையும் மாற்றிக்கொடுத்தே பெயர் வாங்கியவன் நான். மாற்றவே முடியாத ஒன்றைக் கெடுத்துவிட்டேன் என்பது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இறங்கியதும் என்ன செய்தேன்? பெரிய மனிதர்கள் செய்வதைத்தான் செய்தேன். பழியைப் போட ஆள் தேடிக் கோதண்டத்துக்குப் போன் அடித்தேன். அவசரத்தில் எங்கோ விரல் பட்டு ஸ்பீக்கர் தானாகப் போட்டுக்கொண்டது. அந்தப் பக்கம் டீக்கடைச் சத்தம்.

"யோவ் கோதண்டம்! என்னய்யா பண்ணி வச்சிருக்க!"

"நீ இன்னா சொன்னியோ அத்தான் பண்ணேன்."

"வாய்ல விரலை விட்டாக் கடிக்கத் தெரியாத மாதிரி பேசாத! அது தொடக்கூடாத படமாம்யா!"

"அத்த சொல்லத்தானே வந்தேன்? எத்தினி வாட்டி வந்தேன்? நீ உட்டியா?"

"சரி, இப்பச் சொல்லு!"

"நடுவுல பேச மாட்டியே?"

மேடம் என்னைப் பார்த்தார். "பேசல" என்றேன்.

"அந்த மொட்டைப் பெருசுக்கு மட்டுந்தாண்ணே பேப்பர்ல வச்சேன். பிரஷ்ஷு பட்டதுமே எனக்குத் தெரிஞ்சிப்போச்சு. வெல்வெட்டு மேல தண்ணி ஊத்துனாப்ல இருந்திச்சு. நானு நாப்பதடி பேனர்ல கறுப்ப ரொப்பினவன். இந்த மாதிரி கறுப்ப பாத்ததே இல்ல. எவனோ உசுர குட்த்து பண்ணிக்கீறான், அதுல போயி நம்ம கை வைக்கறதான்னு தோணிச்சு. உன்னாண்ட சொன்னா காதுல வாங்கல. அதான் மீதி அஞ்சுக்கும் கிளாசுக்கு அடில பிளாஸ்டிக் ஷீட்டு வச்சு, அதுமேல வரஞ்சுட்டேன். அட்ட மேலதான் குந்திக்கினு கீது, பேப்பர்ல படல. பின்னாடி ஆணிய புடுங்கி ஷீட்ட உருவு. கண்ணு கயண்டுக்கும்."

மேடம் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"கோதண்டம், நான் எஸ்தர் பேசுறேன்."

அந்தப் பக்கம் டம்ளர் வைக்கிற சத்தம். "மேடம், மன்னிச்சுக்கங்க. மொத ஒண்ணு தப்பாப் போச்சு."

"நீங்க நிறுத்தினீங்களே. என் பசங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு மூணு வருஷம் ஆகும்" என்றார் மேடம்.

சமையலறைக் கத்தியை வைத்து ஆணியைப் பிடுங்கினோம். ஷீட்டை உருவ உருவ, உள்ளே ஆள் பத்திரமாக இருந்தார், பழையபடி வெறும் கண்ணோடு. சாப்பாட்டு மேஜைமேல் ஐந்து ஜோடிக் கண்கள் தனியாகக் கிடந்தன. மேடம் வில்லன் கண்ணை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, இட்லித் தட்டு அம்மாளின் மை தீட்டிய கண்களை எடுத்துக் கழுத்துப் பெருத்தவர் படத்துக்கு நேராகப் பிடித்தார். அவ்வளவுதான். சிரிக்க ஆரம்பித்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விக்கினேன்.

கடைசியாக வழுக்கைப் பெரியவர். அதில் உருவ ஒன்றுமில்லை. பேப்பரிலேயே கண். மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டு அதை வெகுநேரம் பார்த்தார். அவர் முதன்முதலில் வாங்கியது அதுதான் என்று பிறகுதான் சொன்னார்.

"உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். இந்தச் சிலையெல்லாம் செஞ்ச காலத்துல பல சிலைக்குக் கண்ணு எழுதியிருந்தாங்களாம். உதட்டுக்குச் சாயம், முடிக்குச் சாயம் எல்லாம் உண்டு. மண்ணுக்குள்ள கிடந்து, மழையில நனைஞ்சு, எல்லாம் உதிர்ந்துபோச்சு. சாயம் போனதைப் பார்த்துட்டு இதுதான் அழகுன்னு நாங்கள்லாம் பாடம் நடத்திட்டோம்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அப்ப நான் பண்ணது சரிதானே மேடம்?"

"இல்ல" என்றார்.

சனிக்கிழமை போகவே கூடாது என்று இருந்தேன். சரோஜாதான் சட்டையை அயர்ன் பண்ணிக் கையில் திணித்தாள். "படத்தக் கெடுக்கத் தெரிஞ்சிச்சு இல்ல? போய் நில்லுங்க" என்று தள்ளிக்கொண்டு போனாள். கோதண்டம் எங்களுக்கு முன்பே வந்து, பௌடர் எல்லாம் போட்டுக்கொண்டு நின்றான். ஐந்து படங்கள் சுவரில். ஆறாவது படத்தை மேடம் மறைத்திருப்பார் என்று நினைத்தேன். நட்ட நடுவில் ஒரு ஸ்டாண்டில் நின்றது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வந்திருந்தவர்கள் எல்லாரும் பெரிய பெரிய ஓவியர்கள், தலைநரைத்த மாணவர்கள். மேடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே! "இந்தப் படத்துக்குக் கண் வச்சவர் இவர். மத்த அஞ்சையும் தொடாம விட்டவரும் இவர்தான்" என்று கோதண்டத்தை முன்னால் நிறுத்தினார். கைத்தட்டலில் அவன் பௌடரெல்லாம் கரைந்து வழிந்தது. "ஏன் தொடக்கூடாதுன்னு நான் காரணம் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு" என்றார். சொல்ல விடாத ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில், "இந்த அட்டை வெட்டின கையைப் பாருங்க. மூலையைக் கிட்ட வந்து பாருங்க. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் தூணுக்குப் பின்னாடி நிக்கிறார்" என்றார். அத்தனை பேரும் திரும்பினார்கள். தூணோ ஒல்லி, நானோ குண்டு.

அவர் நினைத்திருந்தால் அன்று ஒரு வார்த்தையில் என் கடைக்குப் பூட்டுப் போட்டிருக்கலாம். மாறாக, அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களின் படங்கள்தான் இன்றைக்கு என் கடைக்கு வருகின்றன. சாமி படம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தவனை ஊர் ஓவியர்கள் தேடி வருகிறார்கள். நானாக முன்னுக்கு வந்தேன் என்று எல்லாரிடமும் மார் தட்டுகிறேனே, அதில் பாதி அந்த அம்மாளும் கோதண்டமும் எனக்குத் தெரியாமல் கொடுத்தது. இதை எழுத்தில் ஒத்துக்கொள்வது இதுதான் முதல் தடவை. கோதண்டத்தை இப்போதெல்லாம் முழுசாகப் பேசவிடுகிறேன். (அவன் அதைத் தப்பாகப் பயன்படுத்துகிறான். அது வேறு விஷயம்.)

வழுக்கைப் பெரியவரை மேடம் கல்லூரிக்குக் கொடுக்கவில்லை. கோயம்புத்தூருக்கும் எடுத்துப்போகவில்லை. கிளம்பும்போது என் கையில் கொடுத்து, "இவர் உங்களைத்தான் பார்த்துக்கிட்டே இருக்கார். நீங்களே வச்சுக்குங்க" என்றார்.

வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். ஊரார் அப்பாக்களுக்கெல்லாம் சட்டம் போட்ட எனக்கு என் அப்பா படம் கிடையாது. அவர் போட்டோவுக்கு நின்றதே இல்லை. சுவரில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா, "என் மாமனார்" என்றாள். அவர் சட்டென்று எழுந்து கும்பிட்டார். "எந்த ஊரு?" என்றார். "வெளியூரு" என்றாள் சரோஜா, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல். கல்யாணப் பத்திரிகையை முதலில் சாமிக்கும் அடுத்து மாமனாருக்கும் வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் மாமனார்தான். எஸ்தர் மேடம் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினால்கூட, "அப்பா சௌக்கியமா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

போன மாதம் என் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள். இரண்டாம் வகுப்பு. யாரையும் கேட்காமல் மாமனாரைச் செல்போனில் படம் பிடித்து மரத்தின் உச்சியில் ஒட்டிவிட்டாள். கீழே நான், எனக்குக் கீழே அவள் அம்மா, அதற்குக் கீழே அவள். நோட்டுத் திரும்பி வந்தபோது டீச்சர் சிவப்பு மையில், "உன் கண்கள் அப்படியே கொள்ளுத்தாத்தா ஜாடை" என்று எழுதியிருந்தார்.

வீடே உருண்டு சிரித்தது. சிரித்துக்கொண்டே கோதண்டத்துக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

"டீச்சரு கரெக்டாத்தான் சொல்லிக்கீது" என்றான். "கண்ணு வைக்கறதுக்கு யாரையாவது பாக்கணும்ல? அன்னிக்கு எதிர்ல நீதானண்ணே குந்திக்கினு கண்ணாடிக்காரனாண்ட கத்திக்கினு இருந்த?"

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு வருஷத்தில் முதல்தடவையாக, அந்தப் பெரியவரை நன்றாகப் பார்த்தேன்.